வரைபடத்தில் இல்லாத மனிதர்

“தத்துவத்தைக் கரைச்சு ஊத்துனா கலவை ஆகுமுங்களா, மாமா?”

பெரியநாயக்கன்பாளையத்தில், ஒரு ஞாயிறு மாலையில், என் அக்காளின் மகன் இப்படிக் கேட்டான். சன்னலுக்கு வெளியே குருடிமலையின்மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாண்டுகள் கட்டடக்கலை பயின்று, இப்போது சொந்தமாகச் சிறியதோர் அலுவலகம் நடத்துபவன் அவன். கேலியாகக் கேட்கவில்லை, களைப்போடு கேட்டான். மேசைமேல் விரிந்துகிடந்த வரைபடத்தின் ஓர் ஓரத்தை அவன் விரல் மீண்டும் மீண்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஓரத்தில் ஒரு மதில் வரையப்பட்டிருந்தது. வீடு எழவேண்டிய மனை மேட்டில் இருக்கிறது. அதை ஒட்டிய பள்ளத்தில் ஏழெட்டு லைன் வீடுகள். மேட்டை மண் கொட்டிச் சமன்செய்து, அந்த லைன் வீடுகள் கண்ணில் படாதபடி 15 அடி உயரத்துக்கு மதில் எழுப்பித் தரவேண்டும் என்பது வீட்டுக்காரரின் விருப்பம். நிலம் அவருடையது, பணமும் அவருடையது. “சொன்னதை வரைஞ்சு கொடுத்தா வேலை முடிஞ்சுதுங்க. மனசுதான் ஒப்ப மாட்டேங்குது. இதுக்கு உங்க தத்துவம் என்னங்க சொல்லும்?” என்றான்.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். மதிலைக் குறிக்கும் தடித்த கோட்டுக்கு அப்பால் வெறும் வெள்ளைத்தாள். அங்கே குடியிருக்கும் குடும்பங்களைக் காட்ட ஒரு புள்ளிகூட இல்லை. அன்று நான் அவனுக்குச் சொன்னது சிறிது. அதன்பின் எண்ணிப் பார்த்தது மிகுதி. அதையே இங்கே வாசகரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தத்துவம் எதைத் தராது?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டடம் எழுப்பும் திறனைத் தத்துவம் தராது. அழகான பாணி ஒன்றையும் அது கையில் கொடுத்துவிடாது. தத்துவம் கற்றவர் கட்டினால் வீடு நல்ல வீடாகிவிடும் என்பதும் இல்லை.

இதற்கு ஒரு சான்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த மெய்யியலாளருள் ஒருவரான லுட்விக் விட்கன்ஸ்டைன், 1926 முதல் 1928 வரை வியன்னா நகரில் தம் தமக்கை மார்கரெட்டுக்காக ஒரு மாளிகை கட்டினார். பவுல் எங்கல்மன் என்னும் கட்டடக் கலைஞர் தொடங்கிய பணியில் இணைந்தவர், விரைவில் அதனை முழுதும் தம் பொறுப்பாக்கிக்கொண்டார். கதவுக் கைப்பிடி, சன்னல் தாழ், வெப்பமூட்டி என ஒவ்வொன்றையும் தாமே வடிவமைத்தார். வேலை முடியும் தறுவாயில், பெரிய அறை ஒன்றின் கூரை 3 சென்டிமீட்டர் உயரவேண்டும் என்று சொல்லி அதை மாற்றிக் கட்டச் செய்தார். அலங்காரம் எதுவுமற்ற, அளவு பிசகாத அந்த வீட்டைக் கண்டு வியந்த அவருடைய மற்றொரு தமக்கை எர்மினே, தம்மைப் போன்ற சிறு மானிடப் பிறவி அதில் வாழ இயலாது, அது தெய்வங்களுக்கு உரிய இல்லம்போல் இருக்கிறது என்னும் பொருள்பட எழுதிவைத்தார்.

துல்லியம் உயர்ந்த பண்புதான். ஆயினும், அளவுகோலை வைத்தவர் அங்கே வாழப்போகிறவரின் உடலையும் முதுமையையும் களைப்பையும் அளந்தாரா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. தத்துவம் பயன்படுவது இந்தக் கேள்வியில்தான்.

நான்கு வினாக்கள்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஒன்றை உள்ளபடி அறிய நான்கு காரணங்களை அறியவேண்டும் என்றார். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று வீடு. மண்ணும் கல்லும் அதன் பொருள். வீடு என்றால் என்ன என்னும் வரையறையே அதன் வடிவம். கட்டும் கலையும் அக்கலை கைவந்தவரும் அதனைத் தோற்றுவிப்போர். அது எப்பயனுக்காக எழுகிறதோ அது அதன் நோக்கம்.

புனித தோமா அக்குவினார் இச்சிந்தனையை மேலும் ஒரு படி உயர்த்தினார். புறவினத்தாருக்கு மறுமொழியாக அவர் எழுதிய பெருநூலின் தொடக்கத்திலேயே கட்டடக் கலைஞரைப் பற்றிப் பேசுகிறார். பல தொழில்களை ஒரே நோக்கத்துக்கு ஒழுங்குபடுத்துபவர் தம் துறையில் ஞானி எனப்படுகிறார். திருத்தூதர் பவுலும் தம்மை அடித்தளமிட்ட கைதேர்ந்த கட்டடக் கலைஞருக்கு ஒப்பிட்டார். ஆனால் அது அத்துறைக்குள் அடங்கிய ஞானமே. முழுமையான ஞானம் எல்லாவற்றின் இறுதி நோக்கத்தையும் எண்ணிப் பார்ப்பது என்று அக்குவினார் வேறுபடுத்துகிறார். கம்பியின் கனத்தையும் கலவையின் விகிதத்தையும் அறிந்தவர் முதல்வகை ஞானி. அந்தக் கட்டடம் மனித வாழ்வில் என்ன செய்யப்போகிறது என்று கேட்கத் தொடங்கும்போது அவர் இரண்டாம் வகையை நோக்கி நடக்கிறார்.

எதனால்? யாரால்? எவ்வடிவில்? யாருக்காக? இந்நான்கையும் வெறும் தருக்கப் பாகுபாடாகக் கற்று மறந்துவிடலாம். நம் ஊர்ப்புறத்தில் நின்று கேட்டால், ஒவ்வொரு வினாவும் வரைபடத்தில் இடம்பெறாத ஒருவரிடம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

எதனால்?

பெரியநாயக்கன்பாளையம் ஒன்றியத்துக்குள்தான் தடாகம் பள்ளத்தாக்கு இருக்கிறது. கோவை நகரம் வளர்ந்த வேகத்துக்கெல்லாம் செங்கல் கொடுத்த மண் அது. மலையடிவாரத்துச் செம்மண்ணைத் தோண்டி அறுத்துச் சுட்ட கல் லாரி லாரியாக இறங்கி நம் வீடுகளாக, பள்ளிகளாக, ஆலயங்களாக எழுந்தது. எழுந்த அளவுக்கு அங்கே நிலம் தாழ்ந்தது. நீரோடைகளின் கரைகள் அறுபட்டன. யானைகள் நடமாடும் நிலத்தில் ஆழ்ந்த குழிகள் விழுந்தன. 2021ஆம் ஆண்டு மார்ச்சில், உரிய அனுமதியின்றி இயங்கிவந்த 180க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. அவற்றை நம்பி வாழ்ந்த தொழிலாளர் வேலையிழந்தனர். தோண்டிய குழிகளும் நிரம்பிவிடவில்லை.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1917இல் பிறந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மும்பையில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். நல்ல கிராமத்தின் நல்ல வீடு, அதைச் சுற்றி 5 மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்படவேண்டும் என்ற அடிகளின் கருத்து அவர் நெஞ்சில் பதிந்தது. பின்னாளில் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் இறக்கும்வரை அந்தக் கருத்தின்படியே கட்டினார். 1989இல் இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

தடாகத்துச் செங்கல் நம் ஊருக்கு 5 மைல் இல்லாவிட்டாலும் 10 மைலுக்குள் கிடைத்த பொருள்தானே? அப்படியானால் விதியை ஏறக்குறைய நிறைவேற்றிய நாம் எங்கே தவறினோம்? விதியைப் பிடித்துக்கொண்டு அதன் காரணத்தை நழுவவிட்டதில் தவறினோம். மண் கொடுப்பவரும் வீடு கட்டுபவரும் ஒருவரையொருவர் பார்க்கும் தொலைவில் இருக்கவேண்டும். தோண்டிய குழி கட்டியவரின் கண்ணில் படவேண்டும். அப்போது தேவைக்குமேல் எடுக்கக் கை கூசும். 5 மைல் விதியின் உயிர் இதுவே என நான் எண்ணுகிறேன். ஒரு பள்ளத்தாக்கு ஒரு மாநகர் முழுவதற்கும் தீனி போடத் தொடங்கியபோது அந்த உயிர் போய்விட்டது. தொலைவு மட்டும் மிஞ்சியது.

பேக்கர் விதியை மட்டும் பற்றிக்கொண்டவர் அல்லர். ‘எலிப்பொறிக் கட்டு’ எனப்படும் முறையில் செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். அம்முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. நடுவிலுள்ள காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கிறது. கான்கிரீட் கூரையில் வலு தேவைப்படாத இடங்களில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். திருவனந்தபுரத்தில் இயேசு சபையினரின் லொயோலா வளாகத்தில் அவர் கட்டிய சிற்றாலயத்தில், செங்கற்களுக்கிடையே விட்ட சிறு துளைகளின் வழியே காற்றும் ஒளியும் வருகின்றன. எவ்வளவு போதும் என்று ஒவ்வொரு கல்லையும் வைக்கும்போது அவர் கேட்டிருக்கிறார்.

யாரால்?

கட்டடத்தின் முகப்பில் உரிமையாளரின் பெயர் இருக்கும். திறப்பு விழாக் கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயரும் இருக்கும். சும்மாடு வைத்துச் சாந்துச் சட்டி சுமந்த சித்தாளின் பெயர் எந்தக் கல்லிலும் இராது. புதுமனை புகுவிழா அன்று கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வரிசையிலும் சித்தாளை அழைப்பது அரிது. இருபது ஆண்டுகள் கல் சுமந்தபின்னும் அவர் கையில் கரண்டியைக் கொடுத்துக் கொத்துவேலை பழக்குவதும் அரிது.

2014ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்ததில் 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கட்டுமானத் தொழிலாளர். அந்த அடுக்ககத்தில் ஒரு நாளும் குடியேறப் போகாதவர்கள், பிறருடைய வீட்டுக்காக உயிரைக் கொடுத்தார்கள்.

‘யாரால்’ என்ற வினாவைக் கேட்கும் கட்டடக் கலைஞர், முதல் நாளே வரைபடத்தில் சில சிறு கட்டங்களைச் சேர்ப்பார்: வேலையிடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பிடம், குடிநீர்த் தொட்டி, தூளி கட்ட நிழலுள்ள ஓரிடம், உறுதியான சாரம். மதிப்பீட்டுப் பட்டியலில் இவற்றுக்கு ஒரு வரி ஒதுக்கினாலே போதும். எழுதாதவரையில் இவை யாருடைய பொறுப்பும் ஆவதில்லை.

எவ்வடிவில்?

அக்காள் மகனின் வரைபடத்தில் மகிழுந்து நிற்கும் இடம் 12 அடிக்கு 20 அடி. சமையலறை 8 அடிக்கு 9 அடி. அதுவும் மேற்கு வெயில் நேராக அடிக்கும் மூலையில். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடி, 23 மணி நேரம் ஓய்வெடுக்கும் வண்டிக்கு 240 சதுர அடி. விடியுமுன் எழுந்து அடுப்போடு நிற்கும் பெண்ணுக்கு 72 சதுர அடி. யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படி வரைவதில்லை. கேட்காமல் விட்டதால் இப்படி அமைந்துவிடுகிறது. வீட்டின் வரைபடம் என்பது, அங்கே யாருடைய வசதி முன்னே நிற்கிறது, யாருடையது பின்னே தள்ளப்படுகிறது என்பதன் கணக்கேடு. தத்துவம் அக்கணக்கை வாசிக்கக் கற்றுத்தருகிறது.

இப்படிச் சொன்னவுடன் நம்மில் பலர் பழைய கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டை நினைப்போம். நடுவே வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் தூண்கள், வெயிலை உள்ளே விடாமல் வெளிச்சத்தை மட்டும் விடும் தாழ்வாரம், வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை. இவற்றிலிருந்து கற்க நிறைய உண்டு. முன்பின் அறியாதவருக்காகத் தம் வீட்டில் ஓரிடம் ஒதுக்கியவர்கள் நம் முன்னோர். ஆனால் அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் தெருவிலேயே நின்று பேசவேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது. விதவைக்கு வீட்டின் இருண்ட மூலை ஒதுக்கப்பட்டது. இதனையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய வடிவத்தை அப்படியே படியெடுப்பதால் பழைய கணக்கும் சேர்ந்து திரும்பிவிடக் கூடும்.

நம் ஆலயங்களும் இவ்வினாவுக்கு விலக்கல்ல. பளபளக்கும் கருங்கல் தரையும் உயர்ந்த முகப்பும் கொண்ட ஆலயத்தின் வாசலில், கைப்பிடி இல்லாத பத்துப் படிகளின் முன்னே மூட்டுவலியோடு தயங்கி நிற்கும் பாட்டியை நாம் எத்தனை ஞாயிறுகளில் கண்டிருக்கிறோம்! ஒரு சாய்தளத்துக்கு ஆகும் செலவு பெரிதன்று. வரைந்தவரின் எண்ணத்தில் அந்தப் பாட்டி இருந்தாரா என்பதே கேள்வி.

யாருக்காக?

விவிலியத்தின் இணைச்சட்ட நூலில் கட்டடம் பற்றிய சிறு கட்டளை ஒன்று உண்டு. புது வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல், அங்கிருந்து எவராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது அது. விழக்கூடியவர் யார் என்று அந்நூல் சொல்லவில்லை. உறவினரோ, விருந்தினரோ, வேலையாளோ, திருட வந்தவனோ, யாராகவும் இருக்கலாம். பணம் கொடுக்காத, பெயர் தெரியாத, இன்னும் வந்துசேராத ஒருவருக்காக வீட்டுக்காரர் ஒரு சுவர் எழுப்பவேண்டும். கட்டடக்கலை அறத்தின் வித்து இதில் அடங்கியிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு சுவரையும் நம் மாவட்டம் கண்டிருக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வடக்கே செல்லும் அதே சாலையில் மேட்டுப்பாளையம் இருக்கிறது. அங்கே நடூரில், 2019ஆம் ஆண்டு டிசம்பர் 2 அன்று விடியுமுன், கனமழையில் ஒரு தனியார் வளாகத்தின் ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் மதில் சரிந்து, ஒட்டியிருந்த ஓட்டு வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அனைவரும் தலித் மக்கள். தங்களைப் பார்வையிலிருந்து விலக்கவே அவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழுந்தது என்று அப்பகுதி மக்கள் குற்றஞ்சாட்டினர். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தனர்.

மண்ணைத் தாங்கி நிற்கும் சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால், அந்நீரின் அழுத்தம் சுவரை முன்னே தள்ளும் என்பதையும், அதற்காக வடிகால் துளைகள் விடவேண்டும் என்பதையும் கட்டடம் பயின்ற எவரும் அறிவர். அறிவு குறைவாக இருந்ததால்தான் இத்தகைய மதில்கள் எழுகின்றன என்று சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை. மறுபக்கத்தில் இருப்பவர் கணக்கில் வராதபோது, அறிந்ததைச் செய்யவேண்டும் என்ற தூண்டுதல் எங்கிருந்து வரும்?

பொதுவில்லமாம் பூமியைப் பேணுவது பற்றி 2015இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட சுற்றுமடலில், கட்டடங்களையும் நகரங்களையும் வடிவமைப்போர், மனிதர் எப்படிச் சிந்திக்கிறார்கள், எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை விளக்கும் பிற துறைகளின் துணையையும் நாடவேண்டும் என்று வலியுறுத்தினார். வடிவத்தின் அழகைத் தேடினால் மட்டும் போதாது, மக்களின் வாழ்வுத் தரத்தையும் ஒருவருக்கொருவர் துணைநிற்பதையும் தேடவேண்டும் என்றும் அவர் கூறினார். ஓவியம் பிடிக்கவில்லையானால் நாம் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். பாட்டு பிடிக்கவில்லையானால் வானொலியை நிறுத்தலாம். பக்கத்துக் கட்டடத்தின் நிழலிலிருந்தும், அதன் கழிவுநீரிலிருந்தும், அதன் மதிலிலிருந்தும் அப்படி விலக முடியாது. ஆகவே கட்டடக் கலைஞருக்கு எப்போதும் இரு தரப்பினர் உண்டு: கட்டணம் கொடுப்பவர் ஒருவர், கட்டணம் கொடுக்காமல் அக்கட்டடத்தோடு வாழவேண்டிய மற்றவர் பலர்.

ஓர் எதிர்வினா

“நான் மறுத்தா இன்னொருத்தர் வரைஞ்சு கொடுத்துருவாருங்க. எனக்கு வேலை போகும், மதில் அங்கே நிக்கும்” என்றான் அவன். இது நியாயமான எதிர்வினா. வீட்டுக் கடனும் அலுவலக வாடகையும் உள்ள ஓர் இளைஞனிடம் வீரம் பேசுவது மற்றவருக்கு எளிது.

இங்கே தத்துவம் விவேகம் என்னும் நற்பண்பைச் சுட்டுகிறது. நல்லது எது என்று பொதுவாக அறிவது ஒன்று. இந்த மனையில், இந்த மனிதரிடம், இந்த வாரத்தில் செய்யக்கூடிய நல்லது எது என்று கண்டறிவது மற்றொன்று. மறுப்பதற்கு முன் செய்யவேண்டியவை பல உண்டு. கேட்கலாம்: இந்த உயரம் எதற்காக? விளக்கலாம்: இதன் ஆபத்து என்ன, சட்டப் பொறுப்பு யாருடையது? மாற்று வழியை வரைந்து காட்டலாம். இவை அனைத்தும் தோற்றபின், பிறர் உயிருக்கு ஊறு தரும் ஒன்றில் கையொப்பமிட மறுக்கும் நிலை வரலாம். அந்நிலையில் இழப்பு உண்டு. அதைத் தத்துவம் ஈடுசெய்யாது. எதை இழக்கிறோம், எதை இழக்காமல் காக்கிறோம் என்பதை மட்டும் தெளிவாகக் காட்டும்.

இரு வாரங்களுக்குப் பின் மீண்டும் அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். புதிய வரைபடம் ஒன்று மேசையில் இருந்தது. மண் கொட்டி மேட்டை உயர்த்துவதற்கு மாறாக, சரிவை மூன்று படித்தளங்களாக அமைத்திருந்தான். கீழ்த்தளத்தின் விளிம்பில் 5 அடிச் சுவர். அதில் வடிகால் துளைகள். நீரைத் தெருச் சாக்கடைக்குக் கொண்டுசெல்ல ஒரு வாய்க்கால். சுவரை ஒட்டி வேம்பும் புங்கனும் நட இடம். சமையலறை கிழக்குப் பக்கம் மாறி 10 அடிக்கு 12 அடியாக வளர்ந்திருந்தது. சுவருக்கு அப்பால், முன்பு வெள்ளைத்தாளாக இருந்த இடத்தில், லைன் வீடுகள் அனைத்தையும் அவற்றின் கதவுகளோடும் பொதுக் குழாயோடும் அளந்து வரைந்திருந்தான்.

“வீட்டுக்காரர் என்னப்பா சொன்னார்?” என்று கேட்டேன்.

“அடுத்தவன் வீட்டையெல்லாம் எதுக்கு வரைஞ்சீங்கன்னு கேட்டாருங்க, மாமா. அப்புறம் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தாரு. யோசிச்சுச் சொல்றேன்னு எடுத்துட்டுப் போயிருக்காருங்க.”